பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்து சட்டையைக் கழற்றியபோதுதான் அம்மா அதைப் பார்த்தாள். வலது மேற்கையில் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. வெளிப்பக்கம் வரிசையாகத் தடங்கள், உள்பக்கம் தனியாக ஒன்று. ஒரு கை அழுந்தப் பிடித்த இடம் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை.

குட்டி அவளுடைய மகன். கூப்பிடுவதுதான் குட்டி. வயது முப்பதைத் தாண்டியாயிற்று, குனியாமல் வந்தால் வாசல் நிலையில் நெற்றி இடிக்கும். பேச்சு வரவில்லை. பிடித்திருந்தால் தொண்டைக்குள் ஒரு ரீங்காரம், பிடிக்காவிட்டால் மணிக்கட்டைக் கடிப்பான். அதுவும் போதாவிட்டால் எதிரில் என்ன இருக்கிறதோ அதில் தலையை மோதுவான். அப்பா இருந்தவரை இரண்டு பேராகச் சமாளித்தார்கள். அவர் போனபிறகு ஒருநாள் அவனைத் தடுக்கப்போய் அம்மாவின் தோள்பட்டை இறங்கிவிட்டது. அதிலிருந்து வாரநாட்களில் பராமரிப்பு இல்லத்தில், ஞாயிறு வீட்டில் என்று ஆனது.

"இங்க வாடி. வந்து பாரு இத."

மகள் ஈரக்கையோடு வந்தாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை. எதையும் பார்த்தவுடன் பதறுகிற ஆள் இல்லை.

"எங்கயாவது இடிச்சிருப்பாம்மா."

"செவுரு விரல் வச்சு இடிக்குமா?"

"அவனே கடிச்சிருப்பான்."

"மேற்கைய எப்படி கடிப்பான்? உன் தம்பிக்கு கழுத்து என்ன ரப்பரா?"

குட்டி தன் கையைத் தானே பார்த்தான். வேறு யாருடைய கையையோ காட்டுகிறார்கள் என்பதுபோலப் பார்த்துவிட்டு, ரீங்காரத்தைத் தொடர்ந்தான்.

அம்மாவுக்கு உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் அவனைக் கூட்டிவரப் போனபோது சிரிப்பக்கா அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னது. இல்லத்தில் பகல் வேலை பார்க்கிறவள் சிரிப்பக்கா. எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு சிரிப்பு வரும் என்பதால் அந்தப் பெயர். குட்டியைத் தன் பிள்ளைபோலப் பார்ப்பவள். அவள் அன்று சிரிக்காமல் சொன்னாள்: "நான் சொன்னேன்னு சொல்லாதீங்கம்மா. சாயங்கால ஷிப்ட்ட கொஞ்சம் கவனிச்சுக்கோங்க."

சாயங்கால ஷிப்ட் என்றால் டிரைவர். முன்பு லாரி ஓட்டியவர். முதுகு போனபிறகு இந்த வேலைக்கு வந்தவர். 'வணக்கம்' என்று சொன்னால்கூட அதட்டுவதுபோல் இருக்கும். அம்மாவுக்கு அவரை முதல் நாளிலிருந்தே பிடிக்காது.

"நான் அப்பவே சொன்னேன். அந்தாளு கையப் பாரு, கையா அது? ஸ்பேனர்," என்றாள்.

மறுநாள் மழை. மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். இருவரும் நனைந்துகொண்டே இல்லத்துக்குப் போனார்கள். புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் மேடம் அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்தாள். டீ கொடுத்ததே அம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது. பழைய சூப்பர்வைசர் ஒருநாளும் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

"ஆமா, பிடிச்சாரு," என்றாள் மேடம். அம்மா எதிர்பார்த்தது மறுப்பை. அதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் வீணாயின. "சாப்பாட்டு ஹால் ஜன்னல்ல குட்டி தலைய மோதப் போனான். ஒரு கண்ணாடி முன்னாடியே உடைஞ்சிருச்சு. அவரு கையப் பிடிச்சு இழுத்தாரு. அன்னைக்கே உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு."

"அவரக் கூப்பிடுங்க."

டிரைவர் வந்து கதவோரமாக நின்றார். முழுக்கைச் சட்டை மழையில் தோளோடு ஒட்டியிருந்தது.

"விட்டிருந்தா தலை கண்ணாடிக்குள்ள போயிருக்கும்," என்றார்.

"அதுக்கு இப்படியா பிடிப்பாங்க?"

"பூப்போல பிடிச்சா நிக்கிற ஆளா உங்க பையன்?"

"அவன் எதுக்கு ஜன்னலுக்குப் போனான்? நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் சாப்பாட்டுத் தட்ட வச்சேன். அவ்வளவுதான்."

"தட்ட வச்சதுக்கு யாராவது தலைய மோதிக்குவாங்களா?"

டிரைவர் மேடத்தைப் பார்த்தார். "இதுக்குத்தான் நான் எதுவும் பேசறதில்ல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அம்மா, அவன் கோபம் வந்தப்புறம் என்ன பண்ணணும்னு இங்க எல்லாரும் பேசுறாங்க. கோபமே வராம இருக்கறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டியது இருக்கு. குளிக்கக் கூப்பிடும்போது பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. முன்னாடி வந்து, உக்காந்து, அவன் மடியில துண்ட வைக்கணும். ஒரே தடவ சொல்லணும். அவனா எந்திரிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். சாப்பாட்டுக்கும் அப்படித்தான், துண்டுக்குப் பதிலா ஸ்பூன். இப்படி எல்லாரும் எல்லா நாளும் பண்ணிட்டா அவனுக்கு அடுத்து என்னன்னு தெரியும். பயம் இருக்காது."

"அப்போ பண்ண வேண்டியதுதானே?"

"எல்லாருக்கும் தெரியும்மா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. சொல்றது வேற, தினம் பண்றது வேற. ஒருத்தர் பண்றாங்க, ஒருத்தர் பண்ணல. காலைல பண்றவங்க சாயங்காலம் களைச்சுப்போனா விட்டுடறாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "இப்படியே போனா டாக்டர் மாத்திரையக் கூட்டிடலாம்னு சொல்றாரு."

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஒருமுறை மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். அந்த நாட்களில் குட்டி கடிக்கவில்லை, மோதவில்லை. ரீங்காரமும் இல்லை. வாயோரம் எச்சில் வழிய உட்கார்ந்திருந்தான். பிடித்த வேகவைத்த முட்டையை உரித்துக் கையில் வைத்தால், அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

"இங்க திரையெல்லாம் கிழிஞ்சு கெடக்கு," என்றாள் அம்மா திடீரென்று. "நான் தையல்காரி. மிஷின் இருக்குல்ல? வந்து தச்சுத் தர்றேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். மேடமும்.

"திரை தைக்கவா, எங்களப் பாக்கவா?"

"ரெண்டுக்கும்தான்."

"சரி, வாங்க."

திரும்பி வரும்போது குடைக்குள் அம்மா சொன்னாள்: "என்னடி இது, உடனே சரின்னுட்டா? ஏதோ இருக்கு."

"மாட்டேன்னு சொன்னாலும் ஏதோ இருக்குன்னுதான் சொல்லுவ," என்றாள் மகள்.

*

ஹாலுக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையில் தையல் மிஷினைப் போட்டார்கள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் போவதும் வருவதும் தெரியும். மழைக்காலம் என்பதால் துவைத்த போர்வைகள் கயிற்றில் காயாமல் தொங்கின, நடை முழுக்க ஈரத்துணி வாடை. அம்மா கிழிந்த ஓரத்தை மடித்து, ஊசியேற்றி, மிதித்தாள். கண் தையலில் இல்லை. அதனால் முதல் திரையின் ஓரம் பாம்பு போனதுபோல் போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

அவள் வந்ததும் பேச்சு நின்றது. சமையல்கட்டில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். மேடம்தான் ஆள் வைத்து வேவு பார்க்கிறாள் என்று அவர்களுக்கு எண்ணம். "தையலம்மா வர்றாங்க" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் தொண்டையைச் செருமுவார். மேடமோ தானும் ஒருபக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது குட்டியை நோக்கிப் போனால் கூடவே போவாள். முடிந்ததும் அங்கேயே, காதோரமாக, எது சரி, எது விட்டுப்போனது என்று சொல்லுவாள். திட்டமாட்டாள். திட்டாததையும் ஊழியர்கள் சந்தேகப்பட்டார்கள். எங்கேயோ எழுதி அனுப்பப் போகிறாள், அதுதான் இவ்வளவு நயமாகப் பேசுகிறாள் என்றார்கள்.

அம்மா டிரைவரின் கைகளை மட்டும் பார்த்தாள். சாயங்காலம் அவர் வருவார், சட்டைக் கைப் பொத்தானைச் சரிபார்ப்பார், நேராகக் குட்டியின் முன்னால் போய் முக்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். ஸ்பூனை அவன் மடியில் வைப்பார். "சாப்பாடு" என்று ஒரே சொல், அதுவும் அதட்டல்போல. பிறகு லெவல் கிராஸிங்கில் லாரியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் முகத்தோடு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா வீட்டில் வந்து சொன்னாள்: "நடிக்கிறான்."

"எப்படித் தெரியும்?"

"நான் இருக்கேன்ல, அதான் பண்றான்."

மறுநாள் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டி, வாசல்வரை போய், பின்பக்கமாக வந்து துணி அறைக்குள் புகுந்துகொண்டாள். கதவிடுக்கில் ஹால் தெரிந்தது. போர்வைக் குவியலுக்கு நடுவில் மூச்சுமுட்ட நின்றாள். டிரைவர் வந்தார். முக்காலி, ஸ்பூன், அந்த ஒரு சொல். எதுவும் மாறவில்லை. ஆனால் அன்று குட்டி ஸ்பூனைத் தூக்கி எறிந்தான். மணிக்கட்டைக் கடித்தான். அவர் ஸ்பூனை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். அவன் தலை முன்னால் போனது. அவர் தன் கையை நடுவில் கொடுத்தார். விரல்முட்டியில் நெற்றி மோதிய சத்தம் துணி அறைவரை கேட்டது. அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அது குட்டிக்கா, முக்காலிக்கா, தன் விதிக்கா என்று தெரியவில்லை.

கெட்ட வார்த்தை சொன்னான் என்பதை அம்மா பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அதையே சொன்னாள். இன்னொரு நாள் அவசரத்தில் அவர் குட்டியைத் தோளுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றிவந்ததையும் சொன்னாள். "பாத்தியா, மறந்துட்டான்! அப்போ எத்தன நாள் மறந்திருப்பான்?"

சிரிப்பக்காவை அவள் கவனிக்கவேயில்லை. பார்க்கத் தோன்றவில்லை. இல்லத்தில் அவளோடு பேசுகிற ஒரே ஆள் சிரிப்பக்காதான். டீ கொண்டுவந்து மிஷின்மேல் வைப்பாள், குட்டி காலையில் என்ன செய்தான் என்று சொல்லுவாள். அம்மா அவளுக்கு மிச்சத்துணியில் ஒரு பையும் தைத்துக் கொடுத்திருந்தாள்.

ஒருநாள் ஊசி உடைந்தது. மாற்று ஊசியைத் தேடி நிமிர்ந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. குட்டி ஜன்னலோரம் மழையைப் பார்த்து ரீங்கரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பக்கா பின்னாலிருந்து வந்து அவன் இரு தோள்களையும் கட்டிக்கொண்டாள். "என் ராஜா! குளிக்கப் போலாமா? வா வா வா." கன்னத்தைக் கிள்ளி, கையைப் பிடித்துத் தூக்கினாள். துண்டு அவள் தோளில் இருந்தது, அவன் மடிக்கு வரவில்லை. அவன் போனான், எதிர்க்கவில்லை. ஆனால் ரீங்காரம் நின்றுபோயிருந்தது. இன்னொரு கையின் மணிக்கட்டு மெல்ல வாய்க்குப் போனது.

அன்று சாயங்காலம் டிரைவர் ஸ்பூனை வைத்ததும் அவன் தட்டையே கவிழ்த்தான்.

அடுத்த நாள் சிரிப்பக்காவுக்கு லீவு. மேடம் பக்கத்தில் நிற்க, வேறொருவர் அவன் முன்னால் உட்கார்ந்து, துண்டை வைத்துக் காத்திருந்தார். சாயங்காலம் தட்டு கவிழவில்லை.

அம்மா இதை மகளிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். மகள்தான் கேட்டாள்.

"என்ன, அந்தாளு இன்னைக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல." கொஞ்ச நேரம் கழித்து, "அவ பாசமானவடி," என்றாள்.

"யாரு?"

"சிரிப்பக்கா. அவன்மேல உசுரயே வச்சிருக்கா. துண்டு காட்டலன்னா என்ன இப்போ? அவகூட அவன் போறானே, சும்மாதானே போறான்?"

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அவகூட போகும்போது விரலக் கடிக்கிறானாம்மா?"

"விரல் இல்ல. மணிக்கட்டு."

"அப்போ போறான்னு சொல்லாத. அடக்கிக்கிட்டுப் போறான். அதக் கொண்டுபோய் சாயங்காலம் எறக்கி வைக்கிறான்."

"நீ அங்க வந்து பாத்தியா? கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு எல்லாம் தெரியுமாட்டம்..."

"எனக்குத் தெரியும்மா. காலைல ஒருத்தன் திட்டிட்டுப் போவான், நான் சிரிச்சுக்கிட்டே டிக்கெட் குடுப்பேன். சாயங்காலம் உங்கிட்டத்தான் கத்துவேன்."

அம்மா எழுந்து போய்க் கைகழுவினாள்.

*

மேடம் இரண்டு ஷிப்ட் ஆட்கள் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டாள். மதியம். மழை விட்டிருந்தது, ஆனால் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் குட்டியின் இடத்தில் அவனாக உட்கார வேண்டும், மற்றவர்கள் முறைவைத்து அவரைக் குளிக்கக் கூப்பிட வேண்டும் என்றாள். ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் குட்டியாக உட்காரத் தயாரில்லை.

"நான் உக்கார்றேன்," என்றாள் அம்மா. "அவன எனக்குத்தான் தெரியும்."

காதில் பஞ்சு வைத்தார்கள், ரீங்காரத்தில் மூழ்கியிருக்கும் குட்டிக்குப்போலப் பாதி சத்தம்தான் கேட்க வேண்டும் என்று. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு துளி விழ, வட்டம் விரிய, அடுத்தது விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நாளாயிற்று ஒன்றும் தைக்காமல், ஒன்றும் யோசிக்காமல் உட்கார்ந்து என்று தோன்றியது. பின்னால் இத்தனை பேர் நிற்பதே மறந்துபோனது.

தோள்களை ஏதோ பிடித்து இறுக்கியது. இறங்கிப்போன அந்தத் தோளில் வலி சுரீரென்று ஏறியது. யாருடையதோ மூச்சு கழுத்தில் பட்டது. கன்னத்தை விரல்கள் கிள்ளின. உடம்பு நாற்காலியிலிருந்து தூக்கப்பட்டது. அம்மா திரும்பியது அவளுக்கே தெரியாது. கை போய் விழுந்த சத்தம் பஞ்சையும் தாண்டிக் கேட்டது.

சிரிப்பக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் சிரிப்பு பாதியில் நின்றுபோய், கோணலாக இருந்தது.

"ஐயோ," என்றாள் அம்மா. "ஐயோ, நான் அடிக்கணும்னு அடிக்கலம்மா. யாருன்னு தெரியல. திடீர்னு..."

டிரைவர் தரையைப் பார்த்தார்.

"நான் ஆசையாத்தானே பிடிச்சேன்," என்றாள் சிரிப்பக்கா. "தினம் இப்படித்தானே பிடிப்பேன் அவன. என்னைய அவன் ஒருநாளும் அடிச்சதில்லையே."

சொல்லி முடித்தபிறகுதான் அவள் முகம் மாறியது. டிரைவரைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, ஷிப்ட் முடியாமலே வெளியே போய்விட்டாள். அம்மா தைத்துக் கொடுத்த பை.

சில நாட்கள் அவள் வரவில்லை. அம்மாவுக்குத் தையல் ஓடவில்லை. இத்தனை நாள் ஒருவரைச் சந்தேகப்பட்டுப் பழகிய மனது இப்போது யாரைப் பார்த்தாலும் உறுத்தியது. தன்னையும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவனை எப்படிக் கூப்பிட்டாள்? சமையல்கட்டிலிருந்தே ஒரு கத்தல், வராவிட்டால் வந்து ஓர் இழுப்பு. அந்த ஞாயிறு அவன் முன்னால் உட்கார்ந்து துண்டை வைத்துக் காத்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. நாலு வார்த்தை திட்டிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. 'அந்தாளு தினம் எப்படி உக்கார்றான்' என்று முதல்முறையாக ஆச்சரியப்பட்டாள். மகள் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

சிரிப்பக்கா திரும்பி வந்த அன்று நேராக மிஷினிடம் வந்தாள்.

"வேலைய விட்டுடலாம்னு இருந்தேன்," என்றாள். "உங்ககிட்ட அவரப் பத்தி நான்தான் சொன்னேன். அவரு ஷிப்ட்ல மட்டும் குட்டி இப்படி பண்றானே, அவருதான் ஏதோ பண்றாருன்னு நெசமாவே நெனச்சேன். பொய் சொல்லலம்மா."

"நானும் நெசமாத்தான் நம்பினேன்," என்றாள் அம்மா. "கன்னம் வலிச்சுதா?"

"வலிக்காம? தையல் மிஷின் மிதிக்கிறவங்களுக்கு காலுதான் பலம்னு நெனச்சேன்." இருவருக்கும் சிரிப்பு வந்து, சட்டென்று அடங்கியது. "எனக்கு காத்துக்கிட்டு நிக்க வரமாட்டேங்குதும்மா. அவனப் பாத்தாலே கை தானா போகுது. நீங்க வந்து நில்லுங்க. தப்புப் பண்ணினா அங்கயே சொல்லுங்க."

"மேடம் சொல்லுவாங்கல்ல?"

"மேடமும் நிக்கட்டும். நீங்களும் நில்லுங்க."

நின்றார்கள். சிரிப்பக்கா முன்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். துண்டை அவன் மடியில் வைத்தாள். "குளியல்" என்றாள். அடுத்த வார்த்தை வாய்க்குள் முட்டிக்கொண்டு நின்றது, தெரிந்தது. இரண்டு கைகளையும் தன் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். குட்டி ஜன்னலைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். ஓரத்தைப் பிடித்து முகர்ந்தான். மறுபடி ஜன்னல். குளியலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சிரிப்பக்காவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

குட்டி எழுந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ரீங்கரித்தபடி, தானாக நடந்தான்.

சிரிப்பக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பாராட்டுக்காக.

"நாளைக்கும் இப்படியே பண்ணணும்," என்றாள் அம்மா.

சாயங்காலம் டிரைவர் வந்தார். வாசலிலேயே நின்று ஹாலை எட்டிப் பார்த்தார். குட்டி பெஞ்சில் உட்கார்ந்து பாதங்களை ஆட்டிக்கொண்டிருந்தான். அவர் உள்ளே வராமல், மேடம் அறைப்பக்கம் ஒரு பார்வை, குட்டிமேல் ஒரு பார்வை என்று நின்றார். பிறகு வேறு யாரும் இல்லாததால் அம்மாவிடமே கேட்டார்.

"என்ன இவன் இப்படி உக்காந்திருக்கான்? மாத்திரையக் கூட்டிட்டாங்களா?"

"இல்லப்பா."

"உண்மையச் சொல்லுங்க."

"மாத்திரை கூட்டினா தொண்டைல இந்தப் பாட்டுச் சத்தம் வராது. கேளுங்க."

அவர் கேட்டார். நம்பாத முகத்தோடுதான் உள்ளே போனார். முக்காலி, ஸ்பூன், அந்த ஒரு சொல். எந்த நேரமும் தலை வரும் என்பதுபோல உடம்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். குட்டி ஸ்பூனை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனான். சாப்பிட்டான். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

டிரைவர் கொஞ்ச நேரம் முக்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு கைகழுவ நடைக்கு வந்தார். குழாயைத் திறக்குமுன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைவரை மடித்துவிட்டார்.

அம்மா வழக்கம்போல அவர் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து மேலே, குட்டியின் மணிக்கட்டில் இருப்பதுபோலவே, பிறை பிறையாகப் பல்தடங்கள். வெளுத்துப்போனவை, கறுத்துப்போனவை, இன்னும் தோல் மூடாதது ஒன்று.

அவர் திரும்பியதும் அவள் பார்ப்பதைக் கண்டுகொண்டார். அவசரமாகச் சட்டைக் கையை இறக்கினார். ஈரக்கையில் பொத்தான் மாட்டவில்லை, வழுக்கி வழுக்கிப் போனது.

அம்மா மிஷினைவிட்டு எழுந்தாள். சுற்றிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

"கையக் குடுங்க," என்றாள். "நான் மாட்டி விடறேன்."

அவர் யோசித்தார். அம்மா காத்திருந்தாள்.